ரங்கூன்ல உக்காந்து யாளி செதுக்குறேன்: பிளெண்டர், நோமேட், ஒரு சின்ன பேனா டேப்லெட் – 8 மாச ரிவ்யூ

முழுசா படிக்க நேரமில்லாதவங்களுக்கு முதல்லயே முடிவ சொல்லிடுறேன். கம்ப்யூட்டர்ல மிருகம், பூதம், யாளி, டிராகன் இந்த மாதிரி உருவம் செதுக்க கத்துக்கணும்னு ஆசை இருக்கு, கையில காசு கம்மி, கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னு தெரியாது, இப்படி இருக்கிறவங்க பிளெண்டர்ன்ற இலவச 3டி மென்பொருள இறக்குங்க, கூட ஒரு சின்ன பேனா டேப்லெட் (கம்ப்யூட்டர்ல சொருகி பேனாவால வரையுற பலகை) வாங்குங்க. பேனாவோட வர்ற ஆண்ட்ராய்டு டேப்போ ஐபேடோ ஏற்கனவே வீட்ல இருந்தா நோமேட் ஸ்கல்ப்ட்ன்ற செதுக்குற ஆப்ல ஆரம்பிங்க. பெரிய ஸ்டுடியோக்காரங்க பயன்படுத்துற, காசு கட்டி வாங்குற ஜீபிரஷ் மென்பொருள் இப்போதைக்கு வேணாம். ஏன்னு கேக்குறவங்க கீழ படிங்க, கொஞ்சம் நீளமாத்தான் போகும், ஏன்னா எனக்கு இதெல்லாம் யாரும் தமிழ்ல சொல்லித்தரல, ஒவ்வொண்ணையும் முட்டி மோதித்தான் கத்துக்கிட்டேன், அடுத்தவங்களுக்கு அந்த அலைச்சல் வேணாமேன்னுதான் எழுதுறேன்.

நான் இங்க ஒரு ஃப்ளெக்ஸ் பிரிண்ட் கடையில டிசைன் வேலை பாக்குறேன். போர்டு, பேனர், கல்யாண பத்திரிகை இதுதான் தினசரி. 3டி எங்கயும் போய் படிக்கல. ஆனா எங்க தாய்மாமா சுதை வேலை செய்றவரு, கோயில் கோபுரத்துல பொம்மை உடைஞ்சிருந்தா சரி பண்றது, கும்பாபிஷேகம் வந்தா புதுசா செய்றது, பெயிண்ட் அடிக்கிறது எல்லாம் அவர் கைதான். சின்ன வயசுல அம்மாவோட சூரத்தி பஜாருக்கு போயிட்டு திரும்பும்போது காளி கோயில் முன்னாடி நின்னுடுவேன். 1871ல நம்ம ஆளுங்க கடல் தாண்டி வந்த இடத்துல கட்டுன கோயில் அது, மேல அத்தனை உருவம் அத்தனை கலர்ல இருக்கும், ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டே நிப்பேன், அம்மா கைய புடிச்சு இழுத்துட்டு போவாங்க. அந்த ஆசைதான் இப்ப வந்து நிக்குது. எனக்கு ஒரு யாளி செய்யணும், சிங்க உடம்பு, யானை தும்பிக்கை, வாயத் தொறந்துக்கிட்டு முன்னங்கால தூக்கி நிக்கிற யாளி, அத சுத்தி சுத்தி பாக்கணும். அவ்வளவுதான் ஆரம்பத்துல இருந்த ஆசை.

முதல் தப்பு என்ன பண்ணேன்னா, பெரிய ஆளுங்க எல்லாரும் ஜீபிரஷ் ஜீபிரஷ்னு சொல்றாங்களேன்னு ஒரு கடையில போய் பென்டிரைவ்ல காப்பி வாங்கிட்டு வந்தேன். லைசன்ஸ் இல்லாத காப்பி. ரெண்டாவது நாளே வைரஸ் ஏறி லேப்டாப்ல இருந்த கடை வேலை ஃபைல் பாதி போச்சு, ஒரு கஸ்டமர் பேனர் மூணு நாள் லேட். அன்னைக்கு அழுதுட்டேன். தயவு செஞ்சு அந்த வழிக்கு போகாதீங்க, உங்க கம்ப்யூட்டர்ல சோறு போடுற வேலை இருந்தா சத்தியமா போகாதீங்க.

ஜீபிரஷ் நல்ல மென்பொருள்தான், அதுல சந்தேகமே இல்ல. 1999லயே வெளியுலகத்துக்கு வந்தது, கிராஃபிக்ஸ் கார்டு இல்லாம பிராசசர வெச்சே கோடிக்கணக்கான பாலிகான (உருவத்தோட மேல்பரப்ப ஆக்குற சின்ன சின்ன கட்டம்) தூக்கும், சினிமாவுக்கும் கேமுக்கும் மிருகம் செய்றவங்க கை பழகுனது அதுல. முன்னாடி பிக்ஸாலாஜிக்னு ஒரு கம்பெனி நடத்துச்சு, 2021 டிசம்பர்ல மேக்ஸான் வாங்குறதா அறிவிச்சாங்க, அதுக்கப்புறம் ஒரு தடவ காசு கட்டி காலத்துக்கும் வெச்சுக்கிற லைசன்ஸ் போயிருச்சு, இப்ப சந்தாதான். இங்க உக்காந்துக்கிட்டு டாலர்ல மாசா மாசம் கட்டுறதுன்னா அதுக்கு ஒரு கார்டு வேணும், அந்த கார்டு வேலை செய்யணும், அப்படியே செஞ்சாலும் முதல் வருஷம் உருண்டையும் களிமண்ணுமா கத்துக்கிற காலத்துக்கு அவ்வளவு காசு எதுக்கு? வேலைக்கு போய் ஸ்டுடியோவே ஜீபிரஷ் கேட்டா அப்ப கத்துக்கலாம். கையில வந்த பழக்கம் எதுவும் வீணாகாது, பிரஷ் பேரு மட்டும்தான் மாறும்.

சரி பிளெண்டருக்கு வர்றேன். இது எப்படி இலவசமாச்சுன்ற கதை எனக்கு ரொம்ப புடிக்கும். பிளெண்டர வெச்சிருந்த கம்பெனி மூடிட்டாங்க, மென்பொருள் அப்படியே செத்துப் போகவேண்டியது. அத உருவாக்குன டான் ரூசன்டால் 2002ல முதலீட்டுக்காரங்ககிட்ட பேசி, 1 லட்சம் யூரோ குடுத்தா சோர்ஸ் கோட, அதாவது மென்பொருளோட மூல நிரல, எல்லாருக்கும் இலவசமா வெளியில விட்டுடலாம்னு ஒரு ஏற்பாடு பண்ணாரு. உலகம் பூரா இருந்து ஜனங்க போட்ட காசு 7 வாரத்துல சேந்துருச்சு. முகம் தெரியாத ஆளுங்க அன்னைக்கு போட்ட காசுலதான் இன்னைக்கு ரங்கூன்ல நான் யாளி செய்றேன், இத நினைக்கும்போதெல்லாம் மனசு நிறைஞ்சு போகும்.

நம்ம ஊருக்கு இது ஏன் பொருந்துதுன்னா அக்கவுண்ட் வேணாம், கார்டு வேணாம், ஒரு தடவ இறக்கிட்டா இன்டர்நெட்டே வேணாம். ஃபைல் சில நூறு எம்பிதான், நான் ஃப்ரெண்டு ஆபீஸ்ல இறக்கி பென்டிரைவ்ல கொண்டு வந்தேன். அதோட மேனுவலையும் முழுசா இறக்கி வெச்சுக்கலாம், அதிகாரப்பூர்வ சைட்லயே குடுக்குறாங்க, நெட் இல்லாத நேரத்துல அதான் எனக்கு வாத்தியார். எந்த வெர்ஷன்றது முக்கியம், இத யாரும் எனக்கு சொல்லல. 4.0லேர்ந்து ஓபன்ஜிஎல் 4.3ன்ற வசதி இருக்கிற கிராஃபிக்ஸ் கார்டு வேணும்னு ஆயிருச்சு, பழைய லேப்டாப்ல புது வெர்ஷன் தொறக்கவே தொறக்காது, உடனே நம்ம மிஷின் செத்துப்போச்சுன்னு பயந்துடாதீங்க, 2023ல வந்த 3.6 எல்டிஎஸ் (ரொம்ப நாள் ஆதரவு குடுத்த வெர்ஷன்) போடுங்க, பழைய வெர்ஷன் எல்லாமே அவங்க சைட்லயே இருக்கு, செதுக்குறதுக்கு தேவையான எல்லாமே அதுல இருக்கு. என்னோடது செகண்ட்ஹேண்ட் ஐ5, 8 ஜிபி ரேம், 2 ஜிபி கிராஃபிக்ஸ். புது வெர்ஷனுக்கு அவங்க கேக்குற குறைஞ்சபட்ச அளவும் அதேதான், அதனால நான் எழுதுறது எல்லாம் கடைசி படிக்கட்டுல நிக்கிற மிஷினோட அனுபவம்னு வெச்சுக்கங்க.

தொறந்ததும் நடுவுல ஒரு பெட்டி இருக்கும், அத விட்டுடுங்க. ஃபைல், நியூ, ஸ்கல்ப்டிங் போனா ஒரு உருண்டை வரும், நேரா செதுக்க ஆரம்பிக்கலாம். பிரஷ் நிறைய இருக்கும், பாத்ததும் மலைப்பா இருக்கும், ஆனா முதல் 2 மாசம் நான் தொட்டது 4 பிரஷ்தான். கிராப் வெச்சு இழுக்குறது, க்ளே ஸ்ட்ரிப்ஸ் வெச்சு மண்ணு அப்புற மாதிரி ஏத்துறது, க்ரீஸ் வெச்சு கோடு கீறுறது, ஷிப்ட அழுத்திக்கிட்டு தேய்ச்சா வழவழன்னு ஆக்குறது. கண்ட்ரோல அழுத்திக்கிட்டா அதே பிரஷ் உல்டாவா வேலை செய்யும், ஏத்துற பிரஷ் தோண்டும். எஃப் அழுத்துனா பிரஷ் சைஸ், ஷிப்ட் எஃப் அழுத்துனா பிரஷ்ஷோட பலம். இத்தனைய வெச்சே ஒரு முழு மிருகம் செஞ்சிடலாம். பேனாவுல சுத்திப் பாக்குறதுதான் முதல் வாரம் கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா பிளெண்டர் நடு பட்டன் இருக்கிற மவுஸ எதிர்பாக்குது. செட்டிங்ஸ்ல இன்புட் பக்கத்துல எமுலேட் 3 பட்டன் மவுஸ்னு ஒரு டிக் இருக்கு, அத போட்டா ஆல்ட்ட அழுத்திக்கிட்டு பேனாவ இழுத்தா உருவம் சுத்தும். இது தெரியாம ஒரு வாரம் ஒரு கையில மவுஸ், ஒரு கையில பேனான்னு மாத்தி மாத்தி எடுத்துக்கிட்டு இருந்தேன், மணிக்கட்டு வலிச்சுருச்சு.

இப்ப முக்கியமான விஷயம். வாக்ஸல் ரீமெஷ். இது புரிஞ்சா பாதி கிணறு தாண்டியாச்சு.

உருண்டையிலேர்ந்து தும்பிக்கைய இழுக்குறீங்கன்னு வைங்க, இழுத்த இடத்துல மெஷ் (உருவத்தோட மேல்பரப்புல இருக்கிற கட்ட வலை) நீண்டு போய் பெரிய பெரிய கட்டமா ஆயிடும், அதுக்கு மேல எதுவும் செதுக்க முடியாது, பேப்பர இழுத்த மாதிரி இருக்கும். அப்ப கண்ட்ரோல் ஆர் அழுத்துனா மொத்த உருவத்தையும் ஒரே அளவு கட்டமா புதுசா போட்டுக் குடுத்துடும். மண்ண புடிச்சு பிசைஞ்சு திரும்ப சரி பண்ண மாதிரி. 2019 கடைசியில 2.81 வெர்ஷன்ல வந்த வசதி இது. வாக்ஸல் சைஸ்னு ஒரு நம்பர் இருக்கும், அது சின்னதா ஆக ஆக கட்டம் நெருக்கமாகும். நம்பர பாதியாக்குனா கட்டம் எண்ணிக்கை ரெண்டு மடங்குன்னு நினைச்சேன், இல்லீங்க, சுமாரா நாலு மடங்கு ஏறுது, ஏன்னா நீளத்துலயும் அகலத்துலயும் பாதியாகுது. இது தெரியாம ஒரு நாள் நம்பர்ல ஒரு சைபர் கூட போட்டுட்டேன், 0.05க்கு பதிலா 0.005, நூறு மடங்கு கேட்டுட்டேன்னு அர்த்தம், ஸ்க்ரீன் அப்படியே நின்னுடுச்சு, அடுத்து கரண்டும் போச்சு, லேப்டாப் பேட்டரி பழசு, அரை மணி நேரம்கூட தாங்காது, ரெண்டு மணி நேர வேலை போயே போச்சு. அதுலேர்ந்து சேவ் ஆஸ் பெட்டியில பேருக்கு பக்கத்துல இருக்கிற ப்ளஸ்ஸ அழுத்தி அழுத்தி சேவ் பண்றேன், நம்பர் தானா ஏறிக்கும், யாளி1, யாளி2ன்னு இப்ப 140 தாண்டிருச்சு. ரீமெஷ் அழுத்துறதுக்கு முன்னாடி ஒரு சேவ், இத வழக்கமாவே வெச்சுக்கங்க.

இன்னொண்ணு, உருவத்த சின்னதா பெருசா ஆக்கியிருந்தா ஆப்ஜெக்ட் மோடுக்கு போய் கண்ட்ரோல் ஏ போட்டு ஸ்கேல அப்ளை பண்ணிடுங்க, இல்லாட்டி பிரஷ்ஷும் ரீமெஷ்ஷும் ஏறுக்கு மாறா நடக்கும். ஃபோரம் ஃபோரமா தேடி இத கண்டுபுடிச்சேன்.

ஆனா ரீமெஷ் பட்டன விட பெரிய பாடம் மாமா சொன்னதுதான். மூணாவது வாரம் என் முதல் யாளி முகத்த பெருமையா கொண்டு போய் காட்டுனேன். பிடரி முடி சுருள் சுருளா போட்டிருந்தேன், பல்லு ஒவ்வொண்ணா செஞ்சிருந்தேன், தோல்ல சுருக்கம்கூட போட்டிருந்தேன். மாமா கண்ணாடிய போட்டுக்கிட்டு பாத்தாரு, "திருப்பும்மா"ன்னாரு, திருப்புனேன், "இன்னும் திருப்பு"ன்னாரு. அப்புறம், "கழுத்து எங்கம்மா பாப்பா?"ன்னு கேட்டாரு. முன்னாடியிலேர்ந்து பாத்தா சரியா இருந்துச்சு, பக்கவாட்டுல பாத்தா தலை நேரா மார்புல ஒட்டியிருக்கு. "நீ நேர்ல நின்னே செஞ்சிருக்க, கோபுரத்து பொம்மைய ஜனங்க கீழேர்ந்து பாப்பாங்க, சைடுலேர்ந்து பாப்பாங்க. முதல்ல கம்பி கட்டு, கம்பி சரியா இருந்தா ஜாடை தானா வரும், முடியெல்லாம் கடைசி நாள் வேலை." அவங்க செய்றது அப்படித்தான், முதல்ல இரும்புக் கம்பிய வளைச்சு நிக்க வெச்சு, செங்கல் துண்டு வெச்சு கட்டி, மேல சாந்து பூசி பெரிய உருவம் புடிச்சு, காஞ்சு இறுகுனப்புறம்தான் கரணையால நுணுக்க வேலை.

வீட்டுக்கு வந்து அந்த ஃபைல மூடி வெச்சுட்டேன். மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு, 19 நாள் வேலை. ஆனா அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. கட்டம் பெருசு பெருசா இருக்கும்போது நம்மளால சுருக்கம் போடவே முடியாது, வேற வழியில்லாம பெரிய உருவத்த பத்தித்தான் யோசிப்போம், வாக்ஸல் சைஸ பெருசாவே வெச்சிருக்கிறதுதான் கத்துக்கிறவங்களுக்கு நல்லது. பழைய லேப்டாப் எனக்கு பண்ண நல்லதும் அதுதான், நுணுக்கத்துக்கு போக விடல. இப்பல்லாம் ஒரு வாரம் பூரா 20 ஆயிரம் கட்டத்துக்கு மேல ஏத்த மாட்டேன், உருவம் முழுசையும் கருப்பா நிழல் மாதிரி ஆக்கி எட்டு பக்கமும் சுத்திப் பாத்து இது யாளின்னு தெரிஞ்சாதான் அடுத்த படி.

அந்த கம்பி எங்கேர்ந்து வரும்? எலும்பு தெரியணும். கற்பனை மிருகம்தானே, எப்படி செஞ்சா என்னன்னு நினைக்கிறவங்க நிறைய பேர், நானும் அப்படித்தான் நினைச்சேன், ஆனா கண்ணு நம்பாது, எங்கயோ இடிக்கும், ஏன்னு சொல்லத் தெரியாது. குதிரையோட பின்னங்கால்ல பின்பக்கமா மடங்குற இடத்த முட்டின்னு நினைச்சு செஞ்சேன், அது கணுக்கால். உண்மையான முட்டி மேல வயித்துக்கு பக்கத்துல ஒளிஞ்சிருக்கு. சிங்கமும் நாயும் பூனையும்கூட அப்படித்தான், விரல்லதான் நடக்குது, குதிகால் தரையில படாது. யானைய பாருங்க, தூண் மாதிரி காலு, ஆனா உள்ள எலும்பு விரல் நுனியிலதான் நிக்குது, பின்னாடி கொழுப்பு மெத்தை. தும்பிக்கையில எலும்பே கிடையாது, முழுக்க தசை, அதனால அது வளையும்போது குழாய் மாதிரி மடங்காது, உள் பக்கம் சதை சேந்து மடிப்பு விழும். இந்த ஒரு விஷயம் தெரிஞ்சதுக்கு அப்புறம்தான் என் தும்பிக்கைக்கு உயிரு வந்துச்சு. இதுக்காக 2 ஞாயித்துக்கிழமை மிருகக்காட்சி சாலைக்கு போனேன், கன்டோஜி ஏரி பக்கத்துல 1906லேர்ந்து இருக்கிறது, சின்ன புள்ளையில போனது. யானைகிட்ட ஒரு மணி நேரம் நின்னு போன்ல வீடியோ எடுத்தேன், தும்பிக்கை நெத்தியிலேர்ந்தே ஆரம்பிக்கிறத அன்னைக்குத்தான் கண்ணால பாத்தேன், நான் அதுவரைக்கும் மூக்கு இருக்கிற இடத்துல குழாய் ஒட்டுற மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்தேன்.

நம்ம ஊர்ல இருக்கிறவங்களுக்கு ரெஃபரன்ஸுக்கு பஞ்சமே இல்ல, இத கொஞ்சம் அழுத்தி சொல்றேன். எல்லாரும் நெட்ல வர்ற ஒரே மாதிரி டிராகனையே பாத்து பாத்து செய்றாங்க. ஷ்வேடகோன் பகோடாவோட தெக்கு வாசல்ல போய் நில்லுங்க, ரெண்டு பக்கமும் 30 அடி உயரத்துல சிந்தே சிங்கம். அந்த உயரத்துலயும் முகம் கீழ நிக்கிறவன முறைக்கிற மாதிரி தெரியுதே, அத எப்படி புடிச்சாங்கன்னு பாருங்க. மேல மனுத்தீஹா இருக்கும், மனுஷ மேலுடம்பு, ஒரே தலை, ஆனா சிங்கத்தோட பின்னுடம்பு ரெண்டு, மூலையில வெக்கிறதுக்குன்னே வந்த உருவம், எந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தாலும் ஒரு முழு மிருகம் தெரியும். அதோட இடுப்ப செதுக்கிப் பாருங்க, ரெண்டு முதுகெலும்பு ஒரு கழுத்துல வந்து சேரணும், நான் இன்னும் முழுசா முடிக்கல. பர்மாக்காரங்க சொல்ற பின்ஸரூபா இருக்கே, பேரே நம்ம பஞ்ச ரூபம்தான், அஞ்சு மிருகத்தோட பாகம் ஒரே உடம்புல. நம்ம யாளியிலயே சிம்ம யாளி, கஜ யாளி, அஸ்வ யாளின்னு எத்தனை வகை. இதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுற இடத்த நம்பும்படியா செஞ்சிருக்காங்க பாருங்க, அதுதான் கிரியேச்சர் டிசைன், கற்பனை மிருகத்த வடிவமைக்கிற கலை.

பேனா டேப்லெட் பத்தி. மவுஸ்ல செதுக்க முடியாதான்னு கேட்டா முடியும், ஆனா அழுத்தம் கிடைக்காது, எல்லாக் கோடும் ஒரே ஆழத்துல விழும், கட்டைவிரல்ல கையுறை போட்டுக்கிட்டு மண்ணு பிசையுற மாதிரி. நான் வாங்குனது ஹூயன் எச்640பி, சின்னது, வரையுற இடம் சுமார் 6க்கு 4 இன்ச், பேனாவுக்கு பேட்டரியும் வேணாம் சார்ஜும் வேணாம், கரண்ட் இல்லாத ஊருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதின்னு சொல்லத் தேவையில்ல. 8192 அழுத்த அளவுன்னு டப்பாவுல போட்டிருக்கும், வேக்கம் கம்பெனியோட சின்ன இன்ட்யூவோஸ் டேப்லெட்ல 4096தான், இந்த நம்பர பாத்து ஏமாறாதீங்க, கைக்கு வித்தியாசமே தெரியல, ரெண்டையும் புடிச்சுப் பாத்துட்டேன். வேக்கம் பேனா கையில புடிக்க இன்னும் நல்லா இருக்கு, உறுதியா இருக்கு, அது உண்மை. ஆனா விலை வித்தியாசத்த பாத்தா ஆரம்பிக்கிறவங்களுக்கு சின்ன ஹூயனோ எக்ஸ்பி பென்னோ போதும். ஸ்க்ரீன்லயே வரையுற டிஸ்ப்ளே டேப்லெட் வேணாம், பெரும்பாலும் அதுக்கு தனி கரண்ட் வேணும், இங்க அது சரிப்படாது. விலைய எழுதல, வாரத்துக்கு வாரம் மாறுது. வாங்கும்போது டப்பாவ கடையிலயே பிரிச்சு பேனா முனை இருக்கான்னு எண்ணிப் பாருங்க, எனக்கு வித்த கடையில மாத்து முனையும் கேபிளும் இல்லாம குடுத்துட்டாங்க, திரும்பப் போனா மூடின டப்பாவாத்தான் வித்தோம்னு சொல்லிட்டாங்க.

பேனா வேலை செய்யுது, அழுத்தம் மட்டும் வேலை செய்யலன்னா பதறாதீங்க. பிளெண்டர் செட்டிங்ஸ்ல இன்புட்ல டேப்லெட் ஏபிஐன்னு இருக்கும், விண்டோஸ் இங்க், வின்டேப் ரெண்டையும் மாத்தி மாத்தி போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, ரெண்டுல ஒண்ணு புடிச்சுக்கும். எனக்கு வின்டேப்.

நோமேட். இது என் ராத்திரி நேரத்து துணை. எங்க தெருவுல கரண்ட் 4 மணி நேரம் இருக்கும், 4 மணி நேரம் இருக்காது, மோசமான மாசத்துல அதுவும் இல்ல. லேப்டாப் அணைஞ்சதும் டேப்ப எடுப்பேன், தம்பியோட பழைய சாம்சங் எஸ்6 லைட், பேனா கூடவே வந்தது, அதுக்கும் சார்ஜ் வேணாம். ஸ்டெஃபான் ஜினியேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதுன ஆப் இது, அவரே முன்னாடி ஸ்கல்ப்ட்ஜிஎல்னு பிரவுசர்ல ஓடுற இலவச டூல் ஒண்ணும் செஞ்சிருக்காரு, எதையும் இன்ஸ்டால் பண்ணாம இந்த வேலை நமக்கு புடிக்குதான்னு பத்து நிமிஷம் பாக்கணும்னா அதத் தொறங்க. நோமேட்ல பட்டன் கம்மி, விரல்ல சுத்தலாம், பேனாவுலயும் விரல்லயும் செதுக்கலாம், ரெண்டு விரல்ல தட்டுனா அன்டூ, மூணு விரல்ல தட்டுனா ரீடூ, அஞ்சு நிமிஷத்துல கை பழகிடும். பிளெண்டர்ல நான் ஒரு வாரம் பட்ட பாடு இதுல இல்ல. வாக்ஸல் ரீமெஷ் இருக்கு, லேயர் இருக்கு, பெயிண்ட் இருக்கு, ஓபிஜே, எஸ்டிஎல்னு ரெண்டு ஃபைல் வகையிலயும் எக்ஸ்போர்ட் பண்ணி பிளெண்டருக்கு கொண்டு போகலாம்.

குறையும் சொல்லணும். ஆண்ட்ராய்டுல இலவசமா இறங்கும், ஆனா காசு கட்டாத வரைக்கும் அன்டூ 4 தடவைதான், ஒரு உருவத்துக்கு ஒரு லேயர்தான், முக்கியமா செஞ்சத சேவ் பண்ணி திரும்ப தொறக்க முடியாது. பழகிப் பாக்கத்தான் அது. காசு ஒரே தடவதான், சந்தா கிடையாது, அத நான் ரொம்ப மதிக்கிறேன், ஆனா அந்த ஒரு தடவ கட்டுறதுக்கே எனக்கு மலேசியாவுல இருக்கிற சித்தி பொண்ணு உதவி பண்ண வேண்டியிருந்துச்சு. டேப்ல ரேம் கம்மி, 10 லட்சம் கட்டத்த நெருங்குனா இழுக்க ஆரம்பிக்குது, சூடாகுது. கைக்கடக்கமான ஸ்க்ரீன்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல கண்ணு எரியுது. அதனால பெரிய உருவம், நிலை, ஜாடை எல்லாம் நோமேட்ல புடிச்சுக்கிறேன், "மீ லா பீ"ன்னு (கரண்ட் வந்துருச்சுன்னு பர்மா பாஷையில) தெருவுல பசங்க கத்துற சத்தம் கேட்டா லேப்டாப்ப போட்டு பிளெண்டர்ல மீதிய பாக்குறேன். இந்த ரெண்டும் சேந்துதான் எனக்கு ஒரு முழு பட்டறை.

பிளெண்டர்ல எனக்கு புடிக்காததும் இருக்கு. தோல்ல செதில், சுருக்கம், மயிர்க்கால்னு நுணுக்கத்துக்கு போகும்போது மல்ட்டிரெஸ்ன்ற வசதிய போட்டு கட்டத்த ஏத்தணும், என் மிஷின்ல 20 லட்சம் தாண்டுனதும் பேனா ஒரு பக்கம் போகுது கோடு அரை செகண்டு கழிச்சு வருது. நல்ல மிஷின்லயும் ஜீபிரஷ் அளவுக்கு இந்த இடத்துல ஓடாதுன்னு ரெண்டையும் பயன்படுத்துறவங்க சொல்றாங்க, நம்புறேன். மெல்லிசான காது, இறக்கை இதெல்லாம் வாக்ஸல் சைஸ விட மெல்லிசா இருந்தா ரீமெஷ் பண்ணும்போது ஓட்டை விழுந்துடும், காத முதல்ல தடியா வெச்சுக்கிட்டு கடைசியில தேய்ச்சு மெல்லிசாக்குங்க. தலை, உடம்பு, தும்பிக்கைய தனித்தனி உருவமா செஞ்சு சேக்குறப்ப கண்ட்ரோல் ஜே போட்டு சேத்துட்டு ரீமெஷ் பண்ணா வெல்டிங் வெச்ச மாதிரி ஒண்ணாயிடும், இது வரம். ஆனா அதே வரம்தான் என்ன ஒரு இடத்துல மாட்டியும் விட்டுச்சு.

யாளி வாய்க்குள்ள கல் உருண்டை வெச்சிருப்பாங்க தெரியும்ல, விரல விட்டு உருட்டலாம், வெளிய எடுக்க முடியாது, ஒரே கல்லுல குடைஞ்சது. என் யாளிக்கும் அது வேணும்னு வாய்க்குள்ள ஒரு உருண்டைய வெச்சேன். தெரியாம அதையும் சேத்து ஜாயின் பண்ணி ரீமெஷ் அடிச்சுட்டேன், உருண்டை நாக்கோட ஒட்டிப்போச்சு, கொழுக்கட்டைய முழுங்குற மாதிரி ஆயிருச்சு யாளி. 97ஆவது ஃபைலுக்கு திரும்பிப் போய் மறுபடி செஞ்சேன், உருண்டைய கடைசி வரைக்கும் தனி ஆப்ஜெக்ட்டாவே வெச்சிருந்தேன். தனியா அசையணும்னு நினைக்கிற எதையும், கண்ணு, பல்லு, நாக்கு, உருண்டை, எதையும் உடம்போட சேத்துடாதீங்க.

போன வாரம் மாமா வீட்டுக்கு டேப்ப எடுத்துட்டு போனேன். கரண்ட் இல்ல, மெழுகுவத்தி வெளிச்சம், அத்தை லபெயே (பர்மா டீ) போட்டு குடுத்தாங்க. யாளிய தொறந்து அவர் கையில குடுத்தேன், விரல்ல சுத்திக் காட்டுனேன். இந்தத் தடவ ஒண்ணும் பேசல. கீழேர்ந்து பாத்தாரு, பின்னாடி பாத்தாரு, வாய்க்குள்ள பெருசாக்கி பாத்தாரு. "உருண்டை உருளுமா?"ன்னு கேட்டாரு. "தனியாத்தான் இருக்கு மாமா"ன்னேன். அப்புறம் தும்பிக்கை நெத்தியில சேர்ற இடத்துல கட்டைவிரல வெச்சு, சாந்த அமுக்குற மாதிரியே மெதுவா ஒரு அமுக்கு அமுக்குனாரு. ஸ்க்ரீன்ல அந்த இடம் உள்ள போச்சு. கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்துட்டு, பேனாவ குடும்மான்னு கைய நீட்டுனாரு.